இரட்சிக்கப்பட்ட தேதி

ஜாதகம் சேரலன்னுதானே உங்க மகளுக்கு வந்த இடம் தட்டிப் போச்சுன்னு சொன்னீய? அதுக்கு எதுக்குக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரீய? ஜாதகம்னா கட்டம் போட்டவன் ஒருத்தன் இருக்கான், அவனையாவது நாலு திட்டு திட்டலாம். எனக்கு வந்த கேள்வி உங்களுக்கு வந்திருந்தா இந்த ரயில்ல இருந்து குதிச்சிருப்பீய.

நான் எறங்குத நாசரேத் வர இன்னும் நேரம் கெடக்கு. நீங்களும் திருச்செந்தூர் வரைக்கும் போகணும். கேளுங்க, சொல்லுதேன்.

எம் பேரு எமீமா. எங்க வீட்ல அவிய பேரு வேதமுத்து, மின்வாரியத்துல இருந்து ஓய்வாகி வீட்டோட இருக்காவ. ஒரே மக, கெத்சியா. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் பண்ணுத வேலை. கிட்னி போனவங்களுக்கு ஊசியக் குத்தி, மெஷின மாட்டி, நாலு மணி நேரம் பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும். அவளப் பாத்துட்டுத்தான் இப்ப வாரேன்.

போன வருஷம் ஆடி முடிஞ்ச கையோட ஒரு இடம் வந்துச்சு. தூத்துக்குடிக்காரவ. மாப்பிள்ளை பேரு பெனாயா, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கெத்சி அவன்கிட்ட ரெண்டு தடவ போன்ல பேசுனா. பேசிட்டு வந்து தன்னால சிரிச்சுக்கிட்டே துணி மடக்குனா. ஏற்கனவே மூணு இடம் வந்து போயிருக்கு, அதுக்கெல்லாம் அவ சிரிச்சதே கிடையாது. எனக்கு அன்னைக்கே பந்தல் போட்ட மாதிரி ஆகிப்போச்சு.

ஒரு சங்கதி மட்டும் இடிச்சுது. அவங்க முன்னால எங்கள மாதிரி சாதாரணக் கோயில்லதான், சர்ச்சுலதான் இருந்திருக்காவ. அப்புறம் அத விட்டுட்டு தனிச் சபைக்குப் போயிட்டாவ. பேரு வேண்டாம். கைதட்டி, மேளம் வச்சு, நாலு மணி நேரம் ஆராதனை. நகை போட மாட்டாவ. சரி, அதுல என்ன, ஒரே ஆண்டவருதானேன்னு நான் நெனச்சேன்.

பொண்ணு பாக்க வந்தாவ. மாப்பிள்ளையோட அப்பா வில்வராஜ் பிரதர், அம்மா பிரிசில்லா சிஸ்டர். கேசரியச் சாப்பிட்டாவ, வடையச் சாப்பிட்டாவ. வில்வராஜ் பிரதர் கையத் தொடச்சுக்கிட்டு, எந்தக் காலேஜுன்னு கேக்கப் போறாருன்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன், மனுசன் கேக்காரு: "சிஸ்டர், பொண்ணு எப்ப இரட்சிக்கப்பட்டா?"

இரட்சிக்கப்படுததுன்னா உங்களுக்கு எப்படிச் சொல்ல? நாம பாவி, நம்மளால ஒண்ணும் ஆகாது, இயேசு நமக்காகச் செத்தாரு, இத மனசார நம்பணும். அம்புட்டுதான். நம்பிட்டா பரலோகம். மொட்டை போட வேண்டாம், உருள வேண்டாம், நடந்து போக வேண்டாம். நல்லவளா நடந்து அதச் சம்பாதிக்கவும் முடியாது. படு பாவியா இருந்து கடைசி மூச்சுல நம்புனாலும் கெடச்சிரும். சும்மா. இலவசம். பொறந்ததுல இருந்து இதக் கேட்டுத்தான் வளந்தேன். சும்மா கெடைக்கிற சாமானுக்கு இம்புட்டு விசாரணை உண்டுன்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது பாத்துக்கிடுங்க.

எங்க கோயில்ல எவரும் தேதி கேட்டதில்ல. அவங்க சபையில அப்படி இல்லையாம். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன எடத்துல மனசு ஒடஞ்சு இயேசுவ ஏத்துக்கிட்டேன்னு சொல்லணுமாம். தேதி இல்லன்னா ஆளு இன்னும் உள்ள வரல, வாசல்லயே நிக்குதுன்னு அர்த்தமாம்.

நான் யோசிக்கவே இல்ல. வாய் தன்னால சொல்லிட்டு: "ரெண்டாயிரத்துப் பதினாலு, மே பதினேழு, சனிக்கிழமை."

"ஆமென்"ன்னு சொல்லி பிரிசில்லா சிஸ்டர் கைப்பையில இருந்து டைரிய எடுத்துட்டாவ.

"எங்க வச்சு சிஸ்டர்?"

"லீவுல பிள்ளைகளுக்கு வேதப் பள்ளி நடத்துவாவல்லா, அதுல."

"காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம். காப்பி குடிச்ச பெறவு."

அதையும் எழுதுனாவக்கா. காப்பிய எழுதுனாவ. கெத்சி டம்ளர் எடுக்க வந்தவ, தட்டோட வாசல்லயே நின்னு என்னப் பாத்தா. எங்க வீட்ல அவிய என்னப் பாக்கல, மேல சுத்துத பேனப் பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் பொய் சொன்னா அவிய எப்பவும் பேனத்தான் பாப்பாவ.

"நல்லது. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம எங்க சபையில வந்து பொண்ணு சாட்சி சொல்லட்டும். அதுக்கப்புறம் நிச்சயம் வச்சுக்கிடலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாவ. சாட்சின்னா கோர்ட்டு சாட்சி இல்ல. எப்படிப்பட்ட பாவியா இருந்தேன், எப்படி மாறுனேன்னு மைக்குல எல்லாருக்கும் முன்னால சொல்லுதது.

கார் தெரு திரும்பல, இவ அடுப்படிக்கு வந்துட்டா.

"அம்மா, மே பதினேழு எனக்கு அம்மை போட்டிருந்துச்சு."

அப்பத்தான் எனக்கு உறைக்குது. அன்னைக்கு என் நாத்தனா மக கல்யாணம். இவளுக்கு அம்மைன்னு நாங்க போகல. அதுல வந்த சண்ட இன்னும் தீரல. அதான் அந்தத் தேதி நாக்குலயே இருந்திருக்கு. இவள வேப்பிலைய விரிச்சுப் படுக்கப் போட்டிருந்தேன். நாங்க வேதக்காரங்கதான், ஆனா அம்மைன்னு வந்தா வேப்பிலை இல்லாம எப்படிக்கா? எங்க ஐயர்கிட்ட மட்டும் சொல்லல. ஐயர்னா உங்க ஐயர் இல்ல, நாங்க பாதிரியார அப்படித்தான் சொல்லுவோம்.

"சரி, தேதியில என்ன இருக்கு? நீ நம்புதியா இல்லையா?"

"நம்புறேன்."

"எப்பல இருந்து?"

"எப்ப நம்பாம இருந்தேன்? நடுவுல ஒரு நாள் நம்பாம இருந்திருந்தால்ல நம்புன தேதின்னு ஒண்ணு இருக்கும்?"

பேச்சப் பாத்தீயளா? நான் அத விட்டுட்டேன். தேதி கெடக்கட்டும், இப்ப எனக்கு வேண்டியது ஒரு பாவம். சாட்சி சொல்லணும்னா முதல்ல ஒரு பாவம் வேணும்லா? அவ ஆஸ்பத்திரி, விட்டா ஹாஸ்டல், விட்டா வீடு. பெத்ததுக்கு ஒரே ஒரு பாவமாவது செஞ்சு வச்சிருக்கக் கூடாதா? சின்னப் பாவம்னா சபையில எடுபடாது. பெரிய பாவம்னா கல்யாணம் நடக்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சைசுல வேணும்.

"சினிமா பாத்தேன்னு சொல்லேன்."

"அது பாவம்னா எனக்கு முன்னால நீ மைக்குக்குப் போகணும்."

"யாரையாவது மனசுல... இல்ல, அது வேண்டாம். அம்மாவ எதுத்துப் பேசுனேன்னு சொல்லு."

"அது பாவமா, தற்காப்பா?"

கடைசியில நானே ஒண்ணக் கண்டுபிடிச்சேன். பெருமை. படிச்ச பிள்ள, மனசுல பெருமை இருந்துச்சு, ஆண்டவர் ஒடச்சாரு. எவ்வளவு நல்ல பாவம் பாருங்க! யாருக்கும் சேதம் கிடையாது. நோட்டுல ரெண்டு பக்கம் எழுதி, எங்கெங்க நிறுத்தி அழணும்னு கோடு போட்டுக் குடுத்தேன். அவ வாங்கி வச்சுக்கிட்டா. ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்?

எதுக்கும் இருக்கட்டும்னு எங்க ஐயர்கிட்டயும் போனேன். "ஐயா, கெத்சி இரட்சிக்கப்பட்டவதான்னு கோயில் முத்திரை வச்சு ஒரு காயிதம் தாங்க"ன்னேன்.

அவரு கண்ணாடியக் கழத்தி வச்சாரு. "எமீமா, நம்ம பதிவேட்டுல ஞானஸ்நானம் இருக்கு, திடப்படுத்தல் இருக்கு, கல்யாணம் இருக்கு, அடக்கம் இருக்கு. நீ கேக்கதுக்குக் கட்டம் இல்லையே."

"ஒரு கட்டம் போட்டுட்டாத்தான் என்ன?"

"நான் கையெழுத்துப் போட்டா அங்க செல்லாதும்மா. அந்த ஆபீசு வேற." சொல்லிட்டு, "ஆமா, நீ எந்தத் தேதியில?"ன்னாரு.

"நானா? நான் பொறவியிலயே"ன்னேன்.

மனுசன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காரு. ஓய்வாக ஆறு மாசம்தான் இருந்துச்சு அவருக்கு. அந்த நேரத்துல எவரும் எதுலயும் தலை குடுக்க மாட்டாவ. உங்க முருகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கலாமான்னு கூட அன்னைக்குத் தோணுச்சு. ஆனா எங்க ஆளு கொஞ்சம் கோவக்காரரு, அடுத்த வீட்டுக்குப் போனா பொறுக்க மாட்டாரு.

அந்த ஞாயித்துக்கெழம தூத்துக்குடிக்கு வேன் பிடிச்சுப் போனோம். மாடியில ஒரு பெரிய ஹால். எரநூறு பேரு இருப்பாவ, எல்லாம் வெள்ள உடுப்பு. ஒரு பொம்பள கழுத்துல பொட்டுத் தங்கம் கிடையாது. நான் மட்டும் ரெட்ட வடம் போட்டுக்கிட்டு, பட்டுச் சேலையில, கல்யாண வீட்டுக்கு வழி தப்பி வந்தவ மாதிரி உக்காந்திருக்கேன். பெனாயாதான் கீபோர்டு வாசிக்கான். எங்க பிள்ளையப் பாத்து லேசாத் தலைய ஆட்டுனான். இவ குனிஞ்சுக்கிட்டா. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

பாஸ்டர் கூப்பிட்டாரு. கெத்சி மைக்குக்குப் போனா. கையில நான் எழுதுன காயிதம் இல்ல.

அவ மெதுவாத்தான் பேசுனா. "எனக்குத் தேதி தெரியாது. அம்மா உங்ககிட்ட சொன்ன தேதி பொய். அன்னைக்கு நான் அம்மை போட்டு வேப்பிலையில படுத்திருந்தேன். அம்மாவத் தப்பா நெனைக்காதீங்க, எனக்கு நல்லது நடக்கணும்னுதான் சொன்னாங்க."

கீபோர்டு நின்னு போச்சு.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு மூணு நாள் ஒரு தாத்தா வருவாரு. நான் ஊசிய எடுத்ததும் கண்ண மூடிக்கிட்டு, 'பாத்துக்கோம்மா'ன்னு கைய நீட்டுவாரு. எந்தத் தேதியில இருந்து என்னைய நம்புறீங்கன்னு நான் கேட்டதில்ல. கேட்டா அவருக்கும் சொல்லத் தெரியாது. நானும் ஆண்டவர்கிட்ட அப்படித்தான் கைய நீட்டிட்டு இருக்கேன். அவ்வளவுதான்."

மைக்க வச்சுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துட்டா. ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன்க்கா. அழ வேண்டிய எடத்துக்குக் கோடு போட்டுக் குடுத்தேன். ஒரு வரி சொன்னாளா?

பாஸ்டர் கண்ண மூடுனாரு. கீபோர்டு மறுபடி லேசா ஆரம்பிச்சுது. "பொய்யோடு இந்தச் சந்நிதிக்கு வந்த ஒரு சகோதரிய ஆண்டவர் இப்ப கூப்பிடுறார்"ன்னாரு. எல்லாருக்கும் கண்ணு மூடித்தான் இருந்துச்சு, ஆனா எல்லாரும் என்னத்தான் பாக்காவ. அது எப்படின்னு கேக்காதீய.

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இப்ப போய் முன்னால விழுந்து நாலு சொட்டுக் கண்ணீர் விட்டா இவங்க மனசு எளகிரும். அம்மா திருந்திட்டா, இனி மகளத் தள்ளுவாவளா? எந்திரிச்சேன். கெத்சி சேலையப் பிடிச்சு இழுத்தா. உதறிட்டுப் போயி, ரெட்ட வடத்தோட முட்டி போட்டேன்.

பாஸ்டர் தேங்கா பாக்குத மாதிரி என் தலைய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. குனிஞ்சு காதுக்குள்ள கேட்டாரு: "சிஸ்டர், நீங்க விசுவாசிக்கிறீங்களா?"

ஆமா பாஸ்டர்னு சொல்லணும், அம்புட்டுதான். சொல்லதுக்குத்தான் வந்திருக்கேன். வாய் வரலக்கா.

இருபத்தெட்டு வருஷம் பெண்கள் சங்கத்துல இருந்தேன். அதுல பன்னெண்டு வருஷம் செயலாளர். பாட்டுக்குழுவுல முன் வரிசை. அறுப்புப் பண்டிகைக்குக் கோயில்ல காணிக்கை வைக்கதுல எங்க வீட்டுப் பூசணிக்காதான் பெருசு. ஆனா இந்தக் கேள்விய ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதே இல்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல. உள்ள கையவிட்டுத் தேடுதேன், கைக்கு ஒண்ணும் அகப்படல. "தெரியலையே"ன்னேன். "எனக்குத் தெரியலையே பாஸ்டர்."

அந்த நேரம் பாத்து மேளக்காரன் அடிக்க ஆரம்பிச்சுட்டான். அவருக்கு என்ன கேட்டுச்சோ, நிமிந்து "அல்லேலூயா!"ன்னு ஒரு சத்தம். மொத்த ஹாலும் எந்திரிச்சு கைதட்டுது. "இன்னைக்கு ஒரு ஆத்துமா இரட்சிக்கப்பட்டது!" நான் அழுதேன். மகளுக்கு வந்த நல்ல இடம் போகுதேன்னுதான் அழுதேன், வேற என்ன?

பிரிசில்லா சிஸ்டர் ஓடிவந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாவ. டைரிய எடுத்து எம் பேரு, தேதி, நேரம் பதினொண்ணு அம்பதுன்னு எழுதிக்கிட்டாவ. நான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு, "சிஸ்டர், எனக்கு வயசு அம்பத்தஞ்சு. இத வச்சு நான் என்ன செய்யப் போறேன்? இத அவ பேருல மாத்தி எழுதிக்கிடுங்களேன்"னேன்.

"அது அப்படி மாத்த முடியாது சிஸ்டர்"னு சொல்லிட்டாவ.

சாப்பாட்டுக்குப் பெறவு வில்வராஜ் பிரதர் எங்க வீட்ல அவியள ஓரமாக் கூப்பிட்டு, "சிஸ்டர்கிட்ட தேவன் கிரியை செஞ்சுட்டாரு. பொண்ணு இன்னும் தெளிவுக்கு வரல. ஜெபிப்போம் பிரதர்"ன்னாரு. எங்க ஆளுக வாயில இருந்து ஜெபிப்போம்னு வந்துட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம். பொய் சொன்னவ உள்ள, உண்மையச் சொன்னவ வெளிய. இது எந்த ஊரு நியாயம், சொல்லுங்க? இதத்தான் நான் அன்னைக்குல இருந்து பாக்குத ஆளுககிட்ட எல்லாம் கேக்கேன்.

நாங்க வேன்ல ஏறப் போகையில பெனாயா படியெறங்கி ஓடிவந்தான். மூச்சு வாங்குச்சு.

"நீங்க பேசுனது எனக்குப் பிடிச்சிருந்துச்சு"ன்னான் கெத்சிகிட்ட. "ஆனா அப்பா..."

அவ அவன் மூஞ்சியவே பாத்தா. "உங்க தேதி என்ன?"ன்னு கேட்டா.

"பதினொரு வயசுல. கோடை லீவு ஜெபக் கூட்டத்துல. அப்பா எழுதி வச்சுக்கோன்னாரு, எழுதி வச்சுக்கிட்டேன்."

"நம்புறீங்களா?"

அவன் திரும்பி மாடியப் பாத்தான். "இப்படி யாரும் கேட்டதில்ல"ன்னான்.

"சரி, வாரேன்"னு சொல்லிட்டு ஏறிட்டா. வேன் கெளம்புற வரைக்கும் அவன் அங்கனயே நின்னான். நல்ல பையன்க்கா. நல்ல பையனா இருந்து என்ன செய்ய?

வேன் ஊரத் தாண்டுச்சு. எனக்கு ஆத்திரம். "உனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருந்துச்சுல்லா? ஒரே ஒரு பொய், அதச் சொன்னா என்ன கொறஞ்சு போயிருவ?"ன்னு கேட்டேன்.

"பிடிச்சிருந்துச்சு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தோளு குலுங்குச்சு. எங்க வீட்ல அவிய எந்திரிச்சுப் போயி அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டாவ.

ஆழ்வார்திருநகரி தாண்டுன பெறவு அவளே திரும்பிக் கேட்டா. "அம்மா, நீ அங்க நெசமாவா அழுத, நடிச்சியா?"

"நடிச்சேன்."

"அப்ப ஏன் எல்லாரும் எந்திரிச்ச பெறகும் நீ எந்திரிக்கல?"

"முட்டி பிடிச்சுக்கிட்டு"ன்னேன். நெசந்தான், எனக்கு முட்டிவலி உண்டு.

தை மாசம் பெனாயாவுக்குக் கல்யாணம் ஆயிட்டு. கார்டு அனுப்பியிருந்தாவ. கவர் மேல பெரிய எழுத்துல எம் பேரு மட்டும் போட்டு, முன்னால 'கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரி'ன்னு. கார்டு வந்த அன்னைக்கு கெத்சி லீவுல வந்திருந்தா. வாங்கிப் பாத்தா. பொண்ணு பேரு நல்லா இருக்குன்னா. டிவிக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் வழக்கம்போல குடும்ப ஜெபம். எங்க வீட்ல நாந்தான் ஜெபிப்பேன். நாட்டுத் தலைவர்கள்ல ஆரம்பிச்சு, மழ, பயிரு, ஆஸ்பத்திரியில இருக்கவங்க, விதவைகள், நாத்தனா குடும்பம்னு ஒரு ஊரையே சுத்தி வந்துதான் நிறுத்துவேன். எங்க வீட்ல அவிய மழைக்கு முன்னாலயே தூங்கிருவாவ. ஆமென் சொல்லும்போது தட்டி எழுப்பணும்.

அன்னைக்குக் கண்ண மூடி, "ஆண்டவரே"ன்னேன். அடுத்த வார்த்த வரல. தலைவர்களும் வரல, மழையும் வரல. எம்புட்டு நேரம்னு தெரியல. பக்கத்து வீட்டுக் குக்கர் மூணு விசில் அடிச்சு நின்னுச்சு.

சத்தம் இல்லன்னதும் அவிய முழிச்சுக்கிட்டாவ. "என்ன ஆச்சு ஏளா? முடிஞ்சிட்டா?"ன்னு கேட்டாவ.

"இல்ல. என்ன சொல்லன்னு தெரியல."

"அப்ப சும்மா இரு"ன்னாவ. அவியளும் தூங்கல. மூணு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம். கொஞ்ச நேரங் கழிச்சு கெத்சி "ஆமென்"னா. எந்திரிச்சுப் போயி தோசக்கல்ல அடுப்புல வச்சா.

அவ எதுக்கு ஆமென் சொன்னான்னு நான் கேட்டுக்கிடல.